தோடம்பழ உருண்டை பன்னிரண்டு

அபூதாஹிர் நுரை தள்ளி விழுந்தபோது கையில் அரை சொக்கலேட் உருண்டை மிச்சமிருந்தது.

விழுந்த வேகத்தில் அலுமாரிக் கண்ணாடி சிதறிக் கழுத்தைக் கிழித்தது. அந்த அலறல் குடாவைத் தாண்டித் தங்களுக்குக் கேட்டதென்று மூதூர்க்காரர் இன்றும் சத்தியம் பண்ணுவார்கள்.

பெட்டியில் மிச்சம் பதினொன்று. அதில் ஒன்றைத் தின்ற பூனையும் செத்தது.

அவற்றை உருட்டி விற்றவள் பரீதா!

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப்போய் மூன்று வருசம். ஒரு கப்டன் வீட்டில் சமைத்த வகையில் பரீதாவுக்கு இரண்டு சொத்து மிஞ்சியிருந்தது. இந்த உருண்டையின் செய்முறை ஒன்று. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ஃப்ரிட்ஜ் மற்றது.

காலையில் இன்ஸ்பெக்டர் இராசையா பெட்டியோடு அவள் குசினிக்குள் வந்து நின்றார்.

"இதை ஆர் வாங்கினது?"

"செத்தவர்ட மச்சான், ஸெய்னுதீன். மீன் முதலாளி."

"நீங்கதான் நஞ்சு வச்சதெண்டு அவர் சொல்றார்."

"நான் ஏன் ஐயா வைக்கணும்?"

"அதைக் கோர்ட்டில கேப்பினம். பிறகு வெலிக்கடைச் சிறையில தூக்குக் கயிறு. வெளிக்கிடுங்க."

பரீதா கையைக் கழுவினாள். பெட்டியை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்...

"மணந்து பாருங்க ஐயா."

இராசையா மணந்தார். "சூடை மீன்."

"ஓம். பாலேட்டைக் காய்ச்சிச் சொக்கலேட்டில ஊத்துவன். தோடம்பழ மேல்தோலை மட்டும் துருவிப் போடுவன். வெள்ளை பட்டாக் கசக்கும். உருட்டி ஃப்ரிட்ஜில வச்சு இறுக்குவன். அதுக்குள்ள மீன் வச்சா கப்டன்ட பொஞ்சாதி என்னைச் சுட்டிருப்பா."

"அப்ப மீன் எங்கால வந்தது?"

"சொக்கலேட் பக்கத்தில இருக்கிற மணத்தையெல்லாம் குடிச்சிரும். இதை ஆரோ உடைச்சு, நஞ்சு கலந்து, திரும்ப உருட்டி, மீன் ஐஸ் பெட்டியில இறுக்கியிருக்கான்."

"இந்த ஊரில மீன் ஐஸ் பெட்டி ஐந்நூறு இருக்கு."

"பின்னேரம் ஸெய்னுதீனைக் கூட்டிக்கொண்டு வாங்க. பிறகு கயிறைப் பாப்பம்."

வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு இராசையா போனார்.

பின்னேரம்.

ஸெய்னுதீன் வருவதற்கு ஐந்து நிமிசம் முன்னரே அவன் மணம் வந்துவிட்டது. இருபது வருசம் மீனுக்குள் கிடந்த உடம்பு.

கதவை உதைத்தான். பரீதாவின் கூந்தலைப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினான்.

"என்ட மச்சானைக் கொன்றவளே!"

இராசையா இழுத்து எறிந்தார். பரீதா முக்காட்டால் இரத்தத்தைத் துடைத்தாள். பெட்டியிலிருந்து ஓர் உருண்டையைக் கேட்டு வாங்கிக் குசினிக்குள் போனாள். தட்டோடு வந்தாள். தட்டில் இரண்டு.

"ஒண்டு பெட்டியில இருந்தது. மற்றது என்ட ஃப்ரிட்ஜில இருந்தது. மணந்து, எது நஞ்செண்டு சொல்லுங்க ஸெய்னுதீன் காக்கா."

மூன்று முழம் தள்ளி நின்ற இராசையாவே மூக்கைப் பொத்தினார். ஸெய்னுதீன் இரண்டையும் மாறி மாறி மணந்தான்.

"ரெண்டுலயும் தோடம்பழ மணம்தானே."

"மீன் மணம்?"

"என்ன மீன் மணம்?"

பரீதா திரும்பினாள். "கேட்டீங்களா ஐயா? மீன் மணம் தெரிஞ்ச ஒருத்தன் சொக்கலேட்டை அந்தப் பெட்டிக்குள்ள வைப்பானா?"

ஒரு விநாடிதான்.

ஸெய்னுதீனின் முழங்கை இராசையாவின் தாடையில் இறங்கியது. இரண்டு பல் பறந்தது. மீன் கத்தி பரீதாவின் கழுத்துக்கு வந்தது.

"மீன்பிடி போட் எனக்கும் மச்சானுக்கும் பொது. விக்க விடமாட்டன் எண்டான். அதுதான் முடிச்சனான். உருண்டைக்குக் கால் கரண்டி எலிப்பாஷாணம். பத்து நிமிசம் போதும். எது நஞ்செண்டு தெரியாட்டி என்ன... ரெண்டையும் தின்னுடி!"

இரண்டையும் வாய்க்குள் திணித்தான். மூக்கை இறுக்கிப் பிடித்தான்.

பரீதா விழுங்கினாள்!

இராசையாவின் தடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்தது. அடுத்த அடி முழங்காலில். ஸெய்னுதீன் சுருண்டான். விலங்கு ஏறியது.

"துப்புங்க பரீதா! கான்ஸ்டபிள், ஜீப்பை எடு!"

பரீதா பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஆறுதலாகக் கதிரையில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிசம் போனது... பத்து நிமிசம் போனது...

"ஜீப் வேணாம் ஐயா. நீங்க தந்தது குசினியில மூடி வச்சிருக்கு. நான் தின்ட ரெண்டும் என்ட ஃப்ரிட்ஜில இருந்ததுதான். ஒண்டை மட்டும் காலையில இருந்து கருவாட்டு டின்னுக்குள்ள வச்சனான்."

தரையில் பல்லைத் தேடிக்கொண்டிருந்த இராசையா நிமிர்ந்தார்.

"எப்பிடி இருந்தது?"

பரீதா முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கு நஞ்சு பரவாயில்ல ஐயா."