தள்ளுபடி மனு

குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அன்று பெய்த மழைக்கு டீக்கடைத் தார்ப்பாய்தான் கதி. கிளியம்மாள் அதன் கீழே ஓடி வந்து நின்றபோது அங்கே ஏற்கெனவே ஒரு சைக்கிளும் ஒரு வாலிபனும் இருந்தார்கள். அவன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். சட்டைக்குள் மட்டும் எதையோ பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தான்.

"இன்னா சார், உள்ள கோழிக்குஞ்சா?" என்று கேட்டே விட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆளிடம் இதென்ன துடுக்கு...

அவன் சிரித்தான். அந்தக் கண்கள்... மழையில் கழுவி வைத்த மாதிரி அப்படி ஒரு பளிச்!

"வூடு கட்டுற சொசைட்டி காயிதம்ங்க. நான் நனையலாம், இது நனைஞ்சா வேலை பூடும். சேந்து நாலு நாள்தான் ஆவுது... ஏங்க, இங்க லட்சுமி காலனி எங்க கீது? பொன்னுரங்கம்னு ஒருத்தர் வூடு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. பொன்னுரங்கம் அவளுடைய அப்பா.

அவர் வேலை பார்த்த பாக்டரியை இழுத்து மூடி இரண்டு வருஷம். வீட்டுக் கடனுக்குத் தவணை நின்று போய், அபராத வட்டி மளமளவென்று ஏறிக் கிடந்தது. சொசைட்டியிலிருந்து பழுப்புக் கவர் வந்தால் ஜப்தி என்றுதான் காலனியில் அர்த்தம். கையில் வாங்காதவரை ஜப்தி செல்லாது என்பதும் காலனிக்காரர்களே போட்டுக்கொண்ட சட்டம்.

"ரயில்வே கேட்டைத் தாண்டுங்க... திருநீர்மலை ரோட்டுல நேராப் போங்க. மலை தெரியும். அதுக்கும் அந்தாண்ட."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க!" மழையிலேயே மிதித்துக்கொண்டு போனான், பாவம். லட்சுமி காலனி இருந்ததோ நேர் எதிர்த்திசையில், அஸ்தினாபுரம் பக்கம்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால்... அவனேதான்! மூக்கு சிவந்திருந்தது.

"மலையச் சுத்திட்டு வந்தேங்க. பெருமாள் தரிசனம் நல்லா கெடச்சுது" என்று சொல்லித் தும்மினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவன் நீட்டிய கவரை வாங்கிப் பிரித்தாள். ஜப்தி இல்லை! அசலையும் சாதாரண வட்டியையும் தவணையில் கட்டச் சம்மதிப்பவர்களுக்கு அபராத வட்டியை அரசாங்கம் தள்ளுபடி செய்கிறதாம். மனுக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"தள்ளுபடியா?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வெடித்தது. "பொன்னுரங்கம் பிச்சை வாங்கமாட்டான்னு சொல்லும்மா!"

அப்பாவின் ரோஷம் மகளிடம் அப்படியே இருந்தது. "எங்களுக்கு யார் இரக்கமும் வேணாம் சார்."

"இரக்கம் இன்னாத்துக்குங்க?" அவன் குரல் உயர்ந்தது. "பாக்டரிய மூடுனது உங்கப்பாவா? அப்புறம் அவருக்கு எதுக்கு அபராதம்? வாங்குன கடனை நீங்கதான் கட்டப் போறீங்க, முழுசா. கௌரவமா கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

பிறகு அப்பா மூக்குக் கண்ணாடியைக் கேட்டார்.

பல்லாவரத்துக் கம்பெனியில் கிளியம்மாளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. மாதாமாதம் முதல் சனிக்கிழமை தவணை கட்டத் தாம்பரம் சொசைட்டி கவுண்டரில் போய் நிற்பாள். அவன் பெயர் சிட்டிபாபு, இரும்புலியூர்க்காரன் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். ஆனால் அவளைக் கண்டதுமே பாஸ்புக்கைப் பக்கத்து சீட் அசரியாவிடம் தள்ளிவிட்டுக் குனிந்துகொள்வான். ஒரு சிரிப்பு... ம்ஹூம்!

'கடன்காரி என்ற இளக்காரம்தானே? இருக்கட்டும்!' என்று பொருமுவாள். பொருமிக்கொண்டே அடுத்த மாதமும் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கிளம்புவாள். மூன்று வருஷத்தில் ஒரு மாதம் தப்பவில்லை.

கடைசித் தவணை கட்டிய அன்று சிட்டிபாபுதான் எழுந்து வந்தான். கையில் வீட்டுப் பத்திரம்.

"ஒரு தவணைகூடத் தவறல. இப்படி ஒரு ஃபைலை நான் பாத்ததே இல்லீங்க."

"மூணு வருஷமா என் மூஞ்சியப் பாக்கல. ஃபைலையாவது பாத்தீங்களே!"

அவன் காது சிவந்தது.

"பாத்திருந்தா சிரிச்சிருப்பேன்... சிரிச்சிருந்தா சொல்லியிருப்பேன். உங்க மனு என் டேபிள்ல இருக்கச்சொல்ல நான் வாயத் தெறந்தா, ஒத்தாசை பண்ணிட்டு கூலி கேக்குறான்னு ஆயிடும். உங்களுக்கும் கேவலம், எனக்கும் கேவலம். இன்னிக்கு நீங்க யாருக்கும் கடனாளி இல்ல. அதான் கேக்குறேன்... என்னைக் கட்டிக்கிறீங்களா? இஷ்டமில்லன்னா பத்திரத்த வாங்கினு நீங்க பாட்டுக்குப் போலாம்."

கிளியம்மாள் பத்திரத்தை வாங்கினாள். அப்பாவின் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். கண் நிறைந்தது. வாசல்வரை நடந்தாள். சிட்டிபாபு முகம் செத்துப்போனது.

வாசலில் திரும்பினாள்.

"பணத்தை மணியார்டர்லயே அனுப்பலாம்னு அசரியா சார் மொத மாசமே சொல்லிட்டாரு."

"அப்புறம்... எதுக்குங்க நேர்ல வந்தீங்க?"

"சிரிக்காத இந்த மூஞ்சியப் பாக்கத்தான்... முப்பத்தாறு தடவை பஸ் ஏறி வந்தேன்."