மாடிப்படிக்குக் கீழே ஒரு கை

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கூட்டம். மரத்துக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள். எழுபத்தொன்பதில் குழந்தைகளுக்கென்று ஒரு வருஷத்தையே எழுதி வைத்தார்கள். உலகம் பூராவும் இனி எந்தப் பிள்ளையையும் யாரும் அடிக்கக் கூடாதாம். அதைக் கொண்டாடும் கூட்டத்துக்காகத்தான் சக்கரபாணி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனேன். கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடு. கூட்டத்துக்குத் தலைவரும் அவர்தான்.

கூடம் முடிந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. திறந்தால் ஈரக் கோணி நாற்றம், மூத்திர நாற்றம். உள்சுவரில், என் இடுப்பு உயரத்தில், கரியாய் ஒரு சின்னக் கையின் அச்சு.

சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்ததும் கை வந்தது.

நீலம் கலந்து மறுபடி அடித்தேன். வந்தது.

"என்னாய்யா மண்ணாங்கட்டி, பேருக்கேத்த வேலதான் செய்வியா?" என்றாள் சக்கரபாணியின் மனைவி செல்வாம்பாள். வேலைக்காரர்களுக்கு அவள் 'மதாம்'.

"எண்ணெ எறங்குன சுவரு மதாம். சுண்ணாம்பு புடிக்காது."

சொன்னதை நானே நம்பினேன். பேயாவது, பிசாசாவது.

தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரப் பிள்ளை அன்னக்கிளிக்கு ஒன்பது வயசிருக்கும். ஆத்தா குருசுக்குப்பத்தில். முழங்கைக்கு மேல் சூடு போட்ட தழும்பு. கிட்டே வந்து கிசுகிசுத்தாள்.

"அழிக்காத தாத்தா. அது அக்கா கை."

"எந்த அக்கா?"

"எனக்கு முன்ன இங்க வேல செஞ்சவ. என்னிய உள்ள போட்டுப் பூட்டுனா, அவதான் கையப் புடிச்சிக்குவா."

"இப்ப எங்க அவ?"

"ஊருக்குப் போயிட்டாளாம். மதாம் சொல்றாங்க." அறையைப் பார்த்தாள். "போகல."

மூன்றாம் பூச்சையும் அடித்துவிட்டுக் கிளம்பினேன். பிறத்தியார் வீட்டு விவகாரமாம், நமக்கெதற்காம். நானும் அந்த லட்சணம்தான்.

நாலு நாள் கழித்து, ஞாயிறு காலை, ஏணியை எடுக்கப் போனேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மாலை, மைக், ஆரஞ்சு மிட்டாய். அன்னக்கிளியைக் காணோம். கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டாள் என்றாள் சமையல்காரி, தரையைப் பார்த்தபடி.

"குழந்தைகளைக் கண்ணைப் போலக் காக்க வேண்டும்" என்றார் சக்கரபாணி.

டக்.

படிக்கு அடியிலிருந்து.

டக். டக்.

முன்வரிசைக்கே கேட்டது. ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தி மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தாள். சக்கரபாணி மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். படித்த ஜனங்கள்!

நான் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

அன்னக்கிளி தூரத்து மூலையில் சுருண்டு, தூங்கிக்கொண்டிருந்தாள்.

தட்டியது அவளில்லை.

நான் பூசிய சுவர் நன்றாய்க் காய்ந்துவிட்டது. அதன் மேல் அதே கரிக் கை. ஆனால் அன்னக்கிளியின் மணிக்கட்டைச் சுற்றி ஈரச் சுண்ணாம்பு. ஐந்து விரல் தடம். என் விரலில் பாதி கூட இல்லை.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்தேன்.

"எங்கய்யா தூக்கினு போற?" செல்வாம்பாள் சீறினாள்.

"குருசுக்குப்பத்துக்கு. இவ ஆத்தாகிட்ட. வேணும்னா போலீசக் கூப்புடு மதாம், அந்த ரூமையும் நானே காட்டுறேன்."

ஒருவரும் எழவில்லை.

வாசலைத் தாண்டும்போது உள்ளே மறுபடி கேட்டது.

டக். டக்.

பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் பார்த்தாள்.

"தாத்தா, அக்காவயும் தூக்கிக்கோ."

"எலிடி அது" என்றேன்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.