ஆஞ்சரி கூப்பிட்டால்...

"விசிலை நிறுத்துங்க!"

மலையேறி வந்தவன் திடுக்கிட்டு நின்றான். கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்துச் சாவடியில் வனக்காவலர் தேவேஸ்வரி இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் கோபம்... அதிலும் ஓர் அழகு.

"சாமி மலையில விசிலடிச்சா தப்பாங்க?"

"கஸ்தூரி மான் மிரளும். அது போதாதுன்னா, ஆஞ்சரிங்க இனிமையா கூப்பிடுவாங்க, பதில் குரல் கொடுத்தா உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

மேட்டுப் புல்வெளிகளில் உலவும் அந்தத் தேவதைகளுக்கு, விசிலடிக்கும் அழகான ஆண்கள் என்றால் உயிர் என்பது அந்த மலைக்கே தெரியும்.

"அப்போ நான் அழகுன்னு ஒத்துக்கிறீங்க!"

பாழாய்ப்போன வாய்! முகம் சிவக்கப் பதிவேட்டை இழுத்தாள். கமலேஷ் நேகி. கோயில் பாதையில் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டர். அந்தக் கண்கள்... மழையில் கழுவிய கூழாங்கல் மாதிரி. ச்சே, என்ன நினைப்பு இது!

"ஆஞ்சரி வந்தா கல்யாணமே கட்டிக்கிறேன். உங்களை மாதிரி முறைக்காம இருந்தா சரி."

சுருக்கென்று தைத்தது. "போங்க, போங்க. தொலைஞ்சா யாரும் தேடி வரமாட்டாங்க!"

மதியம் மழை கொட்டி, மூடுபனி இறங்கியது. கோயில் பாதையிலிருந்து கோவேறு கழுதைக்காரர் ஒருவர் மட்டும் தனியாக இறங்கி வந்தார்.

"டாக்டர் புல்வெளி வழியா குறுக்கே இறங்குறேன்னு போனாரே... இன்னும் வரலியா?"

புல்வெளியின் ஓரம் பாதாளம். தேவேஸ்வரி பதிவேட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஓடினாள்.

"கமலேஷ் ஜி!"

பதிலே இல்லை.

"கமலேஷ் ஜி... எங்க இருக்கீங்க? வாங்களேன்..." குரல் தானாகக் குழைந்தது.

பக்கத்தில் ஒரு கல் உருண்டது. இருக்கிறான்! கேட்டும் வாய் திறக்கவில்லையா? காலையில் சொன்னதற்கு வீம்பா?

"யோவ்! காது செவிடா? கழுதைங்களோட சேர்ந்து புத்தியும் கழுதையாப் போச்சா? அசையாதே, அந்தப் பக்கம் பாதாளம்யா!"

"அப்பாடா... மனுஷிதான்!" பாறை இடுக்கிலிருந்து நடுங்கியபடி வந்தது குரல். "ஆஞ்சரின்னு நினைச்சு வாயைப் பொத்திட்டு உட்கார்ந்திருந்தேங்க. இப்படித் திட்டுற ஆஞ்சரி எந்த மலையிலயும் இல்ல!"

சட்டைக் கையைப் பிடித்துப் பாதைக்கு இழுத்து வந்தாள். அப்புறம்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அவ்வளவு இனிமையா கூப்பிட்டீங்க..." அவன் தலைகுனிந்தான். "எழுந்து வந்துடுவேனோன்னுதான் பயந்தேன்." பிறகு மெல்ல அவள் முகம் பார்த்தான். "தொலைஞ்சவங்க எல்லாருக்கும் இப்படித்தான் அழுவீங்களா?"

அவள் கண்ணைத் துடைத்தாள். சட்டைக் கையை மட்டும் விடவில்லை.

"இதுவரைக்கும் பதினோரு பேரைத் தேடிக் கூட்டிட்டு வந்திருக்கேன்... அழுதது உங்களுக்கு மட்டும்தான்."