சாய்க்க முடியாத விளக்கு

ஹர்மட்டான் காற்றின் புழுதி கானாவின் குமாசி நகரை மூடியிருந்த ஒரு மாலையில், டாக்ஸிக் கூரையில் கட்டப்பட்டு அந்த விளக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஃப்ரேமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாழ வந்த வீட்டில் அவளுக்கென்று வந்த முதல் பொருள் அதுதான்.

அவளுக்கென்று என்பதும் முழு உண்மையில்லை. விளக்கின் அடிப்பாகம் டுஃபியுடைய ஸ்டூல். டுஃபி, அவள் கணவன் பொன்சுவின் முதல் மனைவி. இறந்து இரண்டு வருடமாகிறது. எழுந்து போகிறவர் தன் ஸ்டூலைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். வெறும் ஸ்டூல் நிமிர்ந்திருந்தால் அலைகிற ஆவி ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். செத்தவர்களுடையதை அந்த வீட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்ப்பார்கள். டுஃபியின் ஸ்டூல் அப்படித்தான் கூடத்து மூலையில் கிடந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஃப்ரேமாவுக்கு வயிறு எரிந்தது. பொன்சு வெளியூர் போன சமயம் பார்த்துத் தச்சனிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

"அக்கா, நடுவுல இரும்புக் குழாய் ஏத்திட்டா அப்புறம் இதைச் சாய்க்க முடியாதே," என்றான் தச்சன் அசாரே.

"விளக்கை யாருப்பா சாய்ப்பாங்க? வேலையைப் பாரு."

பொன்சுவின் நாற்காலிக்குப் பக்கத்தில் விளக்கை நிறுத்தினாள். கறுப்புக் குழாய், மெழுகு தேய்த்த மர அடி, தலையில் கூடைப் பின்னல் மூடி. கீழே சின்னக் கம்பளம் விரித்தாள். செடித் தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அழகாகத்தான் இருந்தது. ஸ்டூல் இருக்கையில் ஒரு பூச்சாடியை வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது சாடி தரையில் இருந்தது.

விழவில்லை. இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

உடம்பில் பூசும் ஷியா வெண்ணெயும் கிராம்பும் கலந்த வாசனை. ஃப்ரேமா அதைப் பூசுவதில்லை.

விளக்கைப் போட்டாள். வெளிச்சம் கம்பளத்தில் விழுந்தது, செடியில் விழுந்தது. இருக்கையில் மட்டும் விழவில்லை.

அங்கே ஒரு மடி அளவுக்கு இருட்டு.

குழாயைப் பிடித்துச் சாய்க்கப் பார்த்தாள். அசையவில்லை. சற்று முன் ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்திய விளக்கு.

இருட்டும் வேளையில் பொன்சு ஊரிலிருந்து வந்தான். விளக்கையே பார்த்தபடி நின்றான். ஃப்ரேமா திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். அவனோ நாற்காலியை விளக்குக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

சாப்பாட்டின்போது தன் ஸ்டூலில் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்.

"என்னங்க, இதை வெளியே போட்டுடலாமா? எனக்குப் பயமா இருக்கு."

"மெதுவாப் பேசு," என்றான். "மனசைக் கல்லாக்கிக்கிட்டு நான் அவளைச் சாய்ச்சே வெச்சிருந்தேன். நீதானே நிமித்தி உட்கார வெச்சே. இருந்துட்டுப் போகட்டும்."

"அப்போ நான்?"

அவன் ஃபுஃபுக் களியைப் பிட்டு சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனாள். உடனே வரப்போகிறோமே என்று தன் ஸ்டூலைச் சாய்க்கவில்லை.

செம்போடு திரும்பினாள். பொன்சு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வலது கை இன்னும் சூப்பில்தான் இருந்தது.

அவளுடைய ஸ்டூல் கூடத்து மூலையில் கிடந்தது.

சாய்த்து, சுவரைப் பார்க்கத் திருப்பி.