வெளியே இருந்த விரல்

மதியச் சங்கு ஊதி, பள்ளத்தாக்கு முழுக்கக் கடைசல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தபோதுதான் போர்த்தோலோ அதைக் கவனித்தார். சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டர் கைகளில் ஒன்று, ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருந்தது.

நீட்டியிருக்க வழியில்லை. போட்டித் துப்பாக்கி செய்துகொள்ள வருகிறவர்கள் அவருடைய பட்டறையில் முதலில் ஒரு மரக்கட்டையைப் பிடித்தபடி மணிக்கட்டு வரை களிம்பில் கையை முக்க வேண்டும். இறுகிய களிம்பைக் கீறிப் பிரித்து, அந்தக் குழியில் பிளாஸ்டர் ஊற்றினால் கை கிடைக்கும். அதை எதிரே வைத்துக்கொண்டு வால்நட் மரத்தில் கைப்பிடி செதுக்குவார். ஆகவே எல்லாக் கைகளும் ஒரே மாதிரி. மூன்று விரல்கள் இறுகியிருக்கும். கட்டை விரல் படுத்திருக்கும். ஆள்காட்டி விரல் அங்கே இல்லாத ஒரு விசையின்மேல் வளைந்திருக்கும்.

கைகளுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். பல் டாக்டருடைய கை வெண்ணெய். மிலான் வக்கீலுடையது தவளை. நீட்டிய விரலோடு இருந்தது ரொட்டி. அப்பாவின் ரொட்டிக் கடையில் மாவு பிசையும் நிவேஸின் கை. சிறு வயதில் பிசையும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதால் சுண்டு விரல் கோணலாக இருக்கும். இந்தக் கைகளுக்கெல்லாம் துப்பாக்கி செய்து கொடுப்பது பன்றிக்குச் சட்டை தைப்பதுபோல என்று சாராயக் கடையில் சொல்வார். சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

"ஆயிரம் கிராம் தாங்குது, மாஸ்ட்ரோ," என்றார் சவோல்தி. நீதிமன்றம் அமர்த்திய நிபுணர். பிரெஷாவிலிருந்து வந்த எஞ்சினியர். நிவேஸின் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, விசையில் தொங்கிய எடைக்குண்டை மூன்றாவது முறை தூக்கிப் பார்த்தார்.

"தாங்காம? நான் செஞ்சது."

"அப்போ அந்தப் பொண்ணு விரல் விசை மேலதான் இருந்திருக்கணும்."

"பின்ன என்ன, எஞ்சினியரே. மாவு பிசையிற கை. பதறியிருக்கும்."

"கீழ வைக்கப் போனேன், விரல் வெளியதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்றா."

"சுட்டவன் எவன் சத்தியம் பண்ணாம இருந்தான்?"

சவோல்தி சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு லேப்ல பிரிச்சு உள்ள இருக்கிற கொக்கியை மைக்ராஸ்கோப்ல பாத்துட்டா முடிஞ்சுது. சும்மா ஒரு சம்பிரதாயம். இன்னைக்குக் கீழத் தெருவில சலாக்கையில குத்தி இறைச்சி சுடறாங்கன்னு சொன்னாங்களே?"

"காலையிலிருந்து சுத்துது. வாசம் வரலையா?"

"இதை மடியில வெச்சுக்கிட்டு இறைச்சியும் பொலெந்தாக் களியும் திங்க முடியாது. உங்க பெட்டியில வெச்சுப் பூட்டுங்க. வந்து வாங்கிக்கிறேன்."

விசையில் எடையைத் தொங்கவிட்டால் கொக்கியின் நிலை தெரிந்துவிடும் என்று நினைக்கிற படிப்பு. கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார் போர்த்தோலோ. தனக்கு இதைவிடத் தோதான முட்டாள் வாய்த்திருக்க முடியாது.

மாடியிலிருந்து மனைவி அன்யேஸே குரல் கொடுத்தாள். "போர்த்தோலோ, சூப் ஆறுது."

"வராதே. வேலை இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வராதே என்பதும், சற்றுக் கழித்து அவள் கிண்ணத்தோடு வந்து நிற்பதும் வழக்கம். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கிண்ணத்தை வாங்கிக்கொள்வார்.

கதவைச் சாத்தினார்.

குளிர்காலத்தில் வெயில் சாப்பாட்டு வேளைக்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். மெல்லா ஆற்றின் பக்கமிருந்து ஈரக் குளிர் ஜன்னல் இடுக்குகளில் ஏறி வந்தது. எண்ணெயும் எஃகுத்தூளும் கருகிய வெடிமருந்தும் கலந்த பட்டறையின் பழைய வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. ஈர பிளாஸ்டர். அவர் பிளாஸ்டர் குழைத்து மாதக் கணக்காகிறது.

ரொட்டியைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். உடைத்து ஒட்டினால் கோடு தெரியும். கோடு இல்லை. கணுவின்மேல் தோல்மடிப்புகள்கூட இருந்தன, விரல் நிமிரும்போது விழுகிற மாதிரியே. எந்தப் போக்கிரியோ வேலை மெனக்கெட்டு வேறு கையை வார்த்து மாட்டியிருக்கிறான். நல்ல வேலை. செய்தவனுக்குத் தன் பட்டறையிலேயே சம்பளம் கொடுக்கலாம். கையை இழுப்பறையில் போட்டு மூடினார்.

துப்பாக்கியைப் பிரித்தார்.

கொக்கி உள்ளங்கையில் விழுந்தது. பருப்பளவு எஃகு. சுத்தியைப் பின்னால் பிடித்து நிறுத்துவது அதுதான். விசையை இழுத்தால் விடும். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்க்காமலே தெரியும். விளிம்பு உருண்டிருந்தது. நடுவில் ஒரு மங்கலான தேய்மானம், பழைய பல் மாதிரி.

இந்த எஃகுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினம். சாணைக்கல்லில் அளவோடு தேய்த்தால் விசை கண்ணாடிக் குச்சிபோல ஒடியும். தோலைத் தாண்டினால் உள்ளே மெத்து. முதலில் ஒன்றும் தெரியாது. எடையைத் தாங்கும். பரிசுகூட வாங்கும். பிறகு ஒரு நாள் போல்ட் மூடுகிற அதிர்ச்சியிலோ, மேசையில் வைக்கிற அதிர்ச்சியிலோ, யாரும் தொடாமலே விட்டுவிடும்.

முன்பொரு நாள் நிவேஸ் வந்து, "விசை கடைசியில கொஞ்சம் இழுக்குது, மாஸ்ட்ரோ," என்றாள். ரொட்டிக்காரி அவரிடம் வந்து இழுக்குது என்றாள். அவள் அங்கேயே நிற்க, வெடுக்கென்று பிரித்துத் தேய்த்தார். கல்லின் கீச்சொலி ஓரிடத்தில் சட்டென்று மழுங்கியது. அவர் காதுக்குக் கேட்டது. வேறு கொக்கி போட்டிருக்க வேண்டும். உதிரிபாகப் பெட்டியில் இருந்தது.

இந்தக் கைக்கு இது போதும் என்று நினைத்தார்.

சுடுதளத்தில் அவள் கீழே வைக்கப் போன துப்பாக்கி வெடித்து, குண்டு பக்கத்துத் தடுப்பில் நின்றுகொண்டிருந்த அவள் தம்பி துல்லியோவின் கழுத்தில் பட்டது. அவனை அடக்கம் செய்த நாளில் கல்லறைத் தோட்டத்து வாசலில் அவள் அவரைத்தான் தேடி வந்தாள். "நீங்க சொன்னா நம்புவாங்க, மாஸ்ட்ரோ. என் விரல் வெளிய இருந்துச்சு." நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "அழறதுன்னா அழு, பொண்ணே. துப்பாக்கி மேல பழி போடாதே." விசாரணையிலும் அதையே சொன்னார். கொக்கி மட்டும் சரியாக இருந்துவிட்டால் சிறைக்குப் போவது அவள். இல்லையென்றால் அவர்.

உதிரிபாகப் பெட்டியைத் திறந்து புதுக் கொக்கியை எடுத்தார்.

டிக்.

உலர்ந்த சத்தம். விரல் கணுவை நெட்டி முறிப்பதுபோல.

நிமிர்ந்தார். சுவரில் கைகள் வரிசையாக இருந்தன. மணிக்கட்டு ஜன்னல் பக்கம், கணுக்கள் கதவுப் பக்கம். வழக்கம்போல. வெண்ணெயின் விரல் மட்டும் நேராக இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் அசையவில்லை. கீழத் தெருவிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது, தட்டுகள் மோதும் சத்தம் வந்தது. சவோல்தியாக இருக்கும். தாடையில் நெய் வழியும். குனிந்து புதுக் கொக்கியை அதன் இடத்தில் வைத்து ஊசியைச் செருகினார். கை நடுங்கவில்லை. அவர் கை எப்போதும் நடுங்கியதில்லை.

டிக்.

பார்க்கவில்லை.

டிக். டிக்.

பிளாஸ்டர் குளிரில் சுருங்கும். அவ்வளவுதான். சுருள்வில்லை அழுத்தினார், சுத்தியை மாட்டினார், திருகை இறுக்கினார். மேசைமேல், எண்ணெய்த் துணியின்மேல், மாவுபோல வெள்ளைத் தூள் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. ஊதினார். மறுபடி உதிர்ந்தது. இழுப்பறைக்குள் ஏதோ மரத்தைச் சுரண்டியது. ஒரே ஒரு நகம்.

நிமிர்ந்து பார்த்தார்.

தவளை. நேராக. அதற்கடுத்தது. அதற்கடுத்தது. இறந்துபோன வாடிக்கையாளர்களுடைய, அவரே பெயர் மறந்த கைகளும். சுவர் முழுக்க விரல்கள் நேராக இருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக.

கதவை நோக்கி.

எழுந்து போயிருக்கலாம். பிறகு யோசித்திருந்தால் அதுதான் தோன்றியிருக்கும். ஆனால் சோதிக்காத துப்பாக்கி எதுவும் அவர் பட்டறையைவிட்டு வெளியே போனதில்லை. இதுவும் போகாது. பிளாஸ்டருக்குப் பயந்து அப்படியே கொடுத்துவிட்டான் என்று தன்னைப் பற்றித் தானே நினைக்கும்படி விடமாட்டார். ஒரு தோட்டாவைப் போட்டார். சுட்டுப் பார்க்கும்போது குண்டை வாங்கிக்கொள்ளும் சோதனைக் குழாயின் பக்கம் திரும்பி, துப்பாக்கியின் கைப்பிடியைப் பற்றினார்.

அது பொருந்தியது.

பொருந்தக் கூடாது. அவர் கை பெரியது. அது அவளுக்காகச் செதுக்கியது, அவளுடைய சின்ன உள்ளங்கைக்கு, அவளுடைய கோணல் சுண்டு விரலுக்கு. ஆனால் மரம் கதகதப்பாக இருந்தது. உள்ளங்கையை நிரப்பியது. ஓர் இடுக்குக்கூட இல்லை. இவ்வளவு பொருத்தமாக அவர் எதையும் செதுக்கியதில்லை. கீழே பார்த்தார். அவருடைய சுண்டு விரல் கோணலாக மடிந்திருந்தது.

விட நினைத்தார்.

கை விடவில்லை.

போல்ட் மூடிக்கொண்டது. அவர்தான் மூடியிருக்க வேண்டும். சுத்தி பின்னால் நின்றது. ஆள்காட்டி விரல் துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராகப் படுத்திருந்தது. அதை விசைக்குக் கொண்டுவர முயன்றார். வரவில்லை. மடங்கவில்லை. நகம் வெளுத்திருந்தது. கணு வெளுத்திருந்தது. இடது கையால் அதைத் தொட்டார். உலர்ந்திருந்தது. விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது.

அப்போதுதான் எண்ணெய்த் துணியைப் பார்த்தார்.

புதுக் கொக்கி அங்கே கிடந்தது. விளிம்பு கூர்மையாக, விளக்கொளியில் பளபளத்துக்கொண்டு.

உள்ளே இருப்பது பழையது.

கை மெல்ல உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை. போட்டியில் உயர்த்துவதுபோல, அவசரமில்லாமல், தோளிலிருந்து. சோதனைக் குழாயைத் தாண்டியது. ஜன்னலைத் தாண்டியது. சுவரில் கைகள் காட்டும் திசைக்கு வந்து நின்றது. அசையாமல். அவ்வளவு நிதானமாக எந்தக் கையும் துப்பாக்கி பிடித்து அவர் பார்த்ததில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

"வராதே."

செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

"அன்யேஸே, வராதே. வராதே."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "தினமும் இதையே சொல்லிக்கிட்டிரு. சூப்புல எண்ணெய் உறைஞ்சுபோச்சு, சுட வெச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்."

இடது கையால் வலது கையை இழுத்தார். சுவரை இழுப்பதுபோல இருந்தது. வெண்மை மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு முறை கத்த வாயைத் திறந்தார். வாயில் சுண்ணாம்பின் வறட்சி.

விரல் வெளியே இருந்தது. நேராக. யார் பார்த்தாலும் தெரியும்படி.

துப்பாக்கிக்குள் எஃகின்மேல் எஃகு ஒரு மயிரிழை வழுக்கியது. இந்த ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிக்கக்கூடிய காது அவருடையது ஒன்றுதான்.

கதவின் பிடி கீழே இறங்கியது. இடுக்கில் முதலில் சூப்பின் ஆவி வந்தது. பிறகு கிண்ணத்தைப் பற்றியிருந்த அவள் கை. சிவந்து, வெடித்து, நரம்போடிய கை. இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை.

இன்னொரு மயிரிழை.