வலது தோளில் கால் அங்குலம்

கூடத்தில் அன்று மாலை இருந்தவர்கள் பதினான்கு பேர். வாசலை ஒட்டிக் காலனிச் செயலாளரும் அவர் மனைவியும். அடுத்து நர்ஸ், தனியாக. ஜன்னலடியில் பேக்கரிக்காரரும் மனைவியும். அவர்களுக்கு எதிரே மரமில் நடத்தும் அண்ணனும் தம்பியும். மூலையில் ஓய்வுபெற்ற சர்வேயரும் மனைவியும். மின்விசிறிக்கு நேர் கீழே பஸ் டிரைவரும் அவர் மனைவியும். நடுவில், புதிதாக வந்தவர்களுக்கென்று போட்ட மூன்று நாற்காலிகளில் அவளும், அவள் கணவனும், ஏழு வயது மகள் சிட்டும்.

ஆறு வீட்டுக்காரர்களின் பக்கத்திலும் ஒவ்வொரு குட்டி நாற்காலி காலியாக இருந்தது. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை, பென்சில் கிறுக்கல் இல்லை.

"பசங்கள்லாம் விளையாடப் போயிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் வரலைம்மா," என்றாள் செயலாளர் மனைவி. "பாப்பா எல்லார் பக்கத்துலயும் ஒரு நிமிஷம் உக்காரட்டும். புதுசா ஒரு குழந்தை வந்தா இங்க அப்படி ஒரு பழக்கம். அப்பதான எல்லா வீடும் அவ வீடாகும்?"

சிட்டு எழுந்து நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையிலிருந்து தோள், தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால் என்று பதினோரு பேரின் பார்வையும் நிதானமாக இறங்கியது. அந்தப் பார்வை சிட்டுவின் அம்மாவுக்குத் தெரிந்ததுதான். பதினைந்து வருடமாகத் தையல் தொழிலில் இருப்பவள். ஆனால் அவள் அப்படிப் பார்க்கும்போது கையில் டேப் இருக்கும்.

பெரிய நகரத்தை விட்டு வந்ததே சிட்டுவின் இளைப்புக்காகத்தான். புகை ஆகாது, காற்று நல்லாயிருக்கும் ஊராகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே நீரேற்று நிலையத்தில் கணவனுக்கு வேலை கிடைத்தது. ஏழு வீடுகள் ஒரே வரிசையில், சுவரோடு சுவர் ஒட்டிய காலனி. வந்த பத்தாம் நாளே சிட்டுவின் நெஞ்சிலிருந்து அந்த விசில் சத்தம் போய்விட்டது. மகள் தூங்கும்போது மூச்சைக் காதால் காவல் காத்தே பழகியவளுக்கு அந்த அமைதி முதலில் வரமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் செயலாளர் மனைவி ஆறு வெட்டுத் துணியும் ஓர் அளவுச் சீட்டும் கொண்டுவந்தாள்.

"ஆறு வீட்டுக்கும் ஆறு கவுன். எல்லாம் ஒரே அளவு."

"ஆறு குழந்தைக்கும் ஒரே அளவா? கடவுளே அச்சு வச்சு வார்த்தாரா?"

"நல்லாத்தான் பேசறீங்க," என்று சிரித்தாள் அவள். "தெச்சதும் ஒவ்வொண்ணையும் பாப்பாவுக்கு ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க. அது மட்டும் விட்டுராதீங்க."

புது ஊரில் முதல் வேலை. யாருக்கு என்று துருவிக் கேட்பது மரியாதை இல்லை. ஆறு துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குண்டூசி குத்தி, ஒரே வெட்டாக வெட்டினாள். கத்தரி கழுத்தைத் தாண்டித் தோளுக்கு வந்து முடிந்த பிறகுதான் சீட்டின் கடைசி வரி உறைத்தது. வலது தோள் கால் அங்குலம் இறக்கம்.

சிட்டுவுக்குப் பிறவியிலேயே வலது தோள் கால் அங்குலம் தாழ்வு. பெற்றவளுக்கும் அவள் டேப்புக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

தற்செயலாக இருக்கும் என்று தைத்து முடித்தாள். ஆறையும் சிட்டுவுக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறும் ஊற்றி வைத்தது போல் பொருந்தின. அன்றே கொடுத்தும் விட்டாள்.

மறுநாள் மதியம். சிட்டு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிய ஓட்டின் சடசடப்பு, தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விழும் ஓசை, எங்கோ மரமில்லின் ரம்பம், இத்தனைக்கும் அடியில், நர்ஸ் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம், மெல்லிய விசில் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் காது வைத்தாள். சுண்ணாம்பு குளிர்ந்திருந்தது. இழுத்து, நின்று, இழுத்து. ஏழு வருடம் கேட்ட இளைப்பு. பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சத்தமே இல்லை.

ஓடினாள். நர்ஸ் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மேசையில் குனிந்து ஒரு சிறுமி வரைந்துகொண்டிருந்தாள், முதுகு காட்டி. புதுக் கவுன். வலது தோள் இறங்கியிருந்தது.

"சிட்டு?"

"இரும்மா, முடிச்சுட்டு வரேன்," என்றாள் அவள், திரும்பாமல்.

வீட்டுக்கு ஓடிவந்தாள். கட்டிலில் சிட்டு புரண்டு, "எங்கம்மா போன?" என்றாள்.

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். "புது எடம், மனசு எதையாவது கோக்கும். நல்லா தூங்கு," என்றான் அவன். அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா சிரித்தாள். "ஊர் ஒத்துக்கலடி உனக்கு. குடு அவகிட்ட." போனை வாங்கி, "நான் நல்லாயிருக்கேன் பெரியம்மா," என்றாள் சிட்டு. அதற்குமேல் அக்கா எதையும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அப்போது சிட்டு அவள் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கதவத் தெற."

மடியில் இருந்தவள் இறங்கிப் போய்த் திறந்தாள். வாசலில் ஆறு பேர். ஒரே உயரம். ஒரே முகம். உள்ளே வந்தார்கள். சோப்பு வாசனை கூட ஒன்றே. அவளைச் சுற்றி நின்றார்கள். எழுவராக.

சிட்டு விழுந்து முழங்காலில் தையல் போட்ட தழும்பைத் தேடினாள். ஏழிலும் இருந்தது. சுவருக்கப்பால் கேட்ட அந்த மூச்சு! அதுதான் தன் குழந்தை என்று ஒவ்வொரு நெஞ்சிலும் காது வைத்தாள். முதல் நெஞ்சு அமைதியாக இருந்தது. காது பட்டதும் விசில் ஆரம்பித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். ஏழாவது வரை.

கணவன் வேலை முடிந்து வந்தான். ஒருத்தி ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் மற்றவர்களைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, தூக்கியிருந்தவளை மெல்ல இறக்கிவிட்டான்.

வாசற்படியில் செயலாளர் மனைவி நின்றிருந்தாள். "பழகிரும்மா. பிரிச்சுப் பாக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஆறு. எது எங்க இருந்தா என்ன?"

"என் பொண்ணு எதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. கால்ல விழறேன்."

"அது எங்களுக்கும் தெரியாதேம்மா," என்றாள் அவள். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

காலையில் அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். போனில் சிரித்தவள் எழுத்தில் பார்த்தால் நம்புவாள். பிரசவ அறையில் சிட்டுவை முதலில் கையில் வாங்கியவள் அக்கா. அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகாது. தேதி போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல், நாள் வாரியாக எழுதினாள். அக்காவின் மகனுக்கு ஐந்து வயது. அதனால் கடைசியில், தனிப் பக்கத்தில், அழுத்தி எழுதினாள்: நீ மட்டும் வா. தம்பியைக் கூட்டி வராதே. எந்தக் காரணத்துக்காகவும்.

எழுவரும் மேசையைச் சுற்றி நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி பேனாவை எடுத்தாள். கடைசி மூன்று வரிகளை ஸ்கேல் வைத்து, எழுத்தே தெரியாதபடி அடித்தாள். இன்னொருத்தி அந்தப் பக்கத்துக்கு மேலே இருந்த மற்ற பக்கங்களை உருவி எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். மூன்றாமவள், சிட்டுவின் உருண்டைக் கையெழுத்தில், கீழே எழுதினாள்: பெரியம்மா, தம்பியக் கூட்டிட்டு சீக்கிரம் வாங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல.

பிடுங்கக் கை ஓங்கினாள். பேனா பிடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது. உதடு நடுங்கியது, அடி விழுமோ என்று பயப்படும் குழந்தைக்கு நடுங்குமே, அப்படி.

இவளாக இருந்தால்?

கை கீழே இறங்கியது.

உறையின் பசையை ஒருத்தி நாக்கால் தடவி அடுத்தவளிடம் கொடுத்தாள். அடுத்தவளும் தடவினாள். ஏழு நாக்கும் பட்டு வந்த உறையை, விளிம்பில் கட்டைவிரல் வைத்து அழுத்தி ஒட்டினார்கள். முகவரியை அவள் கையாலேயே எழுதச் சொன்னார்கள். எழுதினாள்.

ஒருவர் பின் ஒருவராக அவர்கள் தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தாள். எட்டாததால் ஆறு பேர் சேர்ந்து ஒருத்தியைத் தூக்கிப் பிடித்தார்கள். கடிதம் உள்ளே விழுந்தது.