பள்ளத்தின் ஆழம்

சுடலைமாடன் பீடத்தின் முன்னால் யாரோ மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவள், ஊர்ப் பேச்சில் வேதக்காரி என்றாலும், சாலோமி இந்தப் பீடங்களைப் பேருந்து சன்னல் வழியே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மேலே குறுகிப்போகும் வெள்ளைக் கட்டை, அதில் திருநீறு, குங்குமம், அடியில் எண்ணெய் வழியும் அகல்விளக்கு. இங்கே அகலைக் காணோம். கல்லறைத் திருநாளுக்கு வாங்குகிற அதே வெள்ளை மெழுகுவத்தி, காற்றே இல்லாத உச்சி வெயிலில், சுடர் கண்ணுக்குத் தெரியாமல் உருகி வழிந்துகொண்டிருந்தது.

அவளைக் கூட்டிவந்த சுடலைவடிவு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அவள் இந்தக் குவாரியில் ஜல்லி சலிப்பவள்; அவள் மகள் சாலோமியின் வகுப்பில் படிக்கிறாள்.

சாலோமியின் கணவர் நேசையாவுக்குக் கனிமத்துறையில் குவாரிகளை அளக்கும் வேலை. அம்பாசமுத்திரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் காசிலிங்கத்தின் இந்தக் குவாரி, அனுமதித்ததைப் போலப் பல மடங்கு ஆழம் போயிருக்கிறது என்று எழுதினார். குறைத்து எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். பொங்கல் கழிந்து ஒரு மதியம் மறுபடி அளக்கக் கூப்பிட்டார்கள், போனவர் திரும்பவில்லை. அவருடைய வண்டி ரயில் நிலையத்தில் நின்றது. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் ஆய்வாளர் வழக்கை முடித்துவிட்டார். கேரளாவில் யாரோடாவது சுகமாக இருப்பார், தேடாதீர்கள் என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன்பிறகு ஆலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

அவளே தேடினாள். வண்டியைக் கொண்டுவந்து விட்டவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பீடி பற்றவைத்தான் என்று வண்டி நிறுத்தத்தில் இருக்கும் ரசீத் சொன்னார். நேசையா பீடியைத் தொட்டதில்லை. ஆய்வாளர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் சுடலைவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குவாரியில் முதலாளி புதிதாகப் பீடம் போட்டிருக்கிறார் என்றாள்.

"அடிச்சுக் கொன்னவனே பீடம் போட்டுக் கும்பிடுவான் டீச்சர். செத்தவருக்குப் பிடிச்சத வச்சு அங்கனயே இருத்தணும். இல்லன்னா குடும்பத்தையே அழிச்சிரும்."

அப்போது சாலோமி அதை நம்பவில்லை. இப்போது குனிந்து பார்த்தாள். வாழையிலையில் கோழிக்கறி, முட்டை, ஒரு சில்வர் தம்ளர். தம்ளரில் கடுங்காப்பி, இன்னும் சூடாக. சாமிக்கு வைத்ததைத் தொடுகிறோமே என்று தோன்றியபோதும், விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

துளி சீனி இல்லை.

சர்க்கரை நோய் கண்ட நாளிலிருந்து நேசையா குடித்த காப்பி. கடைசி மதியத்தில் இங்கே யாரோ அவருக்குக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். சீனி வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு நேரம். இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டன. வெடிமருந்து வாடையும் சுட்ட கல்லின் வாடையும் பள்ளத்திலிருந்து ஏறிவந்தன. செங்குத்தாக அறுத்த பாறைச் சுவருக்குக் கீழே, வெகு கீழே, அசையாத பச்சைத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. நிலம் அளக்கிற இரும்பு டேப்பை மெதுவாக இழுத்துக் கல்லின்மேல் உரசிக்கொண்டு போவது போல. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

"கேக்குதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொட்டகை நிழலிலிருந்து காசிலிங்கம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, செருப்பில்லாத கால். கையில் காப்பி பிளாஸ்க். சாலோமி நிமிர்ந்து நின்றாள். இடத்தைவிட்டு நகரவில்லை.

"எங்க குலசாமி டீச்சர்" என்றார் அவர், அவள் கேட்காமலே.

"உங்க குலசாமிக்குச் சீனி ஆகாதோ அண்ணாச்சி?"

அவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை. கண்ணுக்கடியில் தூங்காத கருப்பு.

"மொதல்ல தண்ணிக்குள்ளதான் கேட்டுச்சு. பொறவு பாறையில. நேத்துலருந்து என் வீட்டு நடையில கேக்கு" என்றார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. இங்கனயே இருங்கன்னு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

அதற்கு ஈடாக என்ன செய்வார் என்பதையும் அவரே அடுக்கினார். ஆய்வாளர் நம்ம ஆள்தான். ஆற்றில் கால் வழுக்கி விழுந்துவிட்டதாக எழுதிக்கொள்வார். லஞ்சப் பேச்சே இருக்காது. நேசையா யோக்கியர் என்று ஊர் பேசும். டீச்சர் தலைநிமிர்ந்து ஆலயத்துக்குப் போகலாம்.

இத்தனை மாதமாக அவள் கேட்டது அதைத்தான். யோக்கியர் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"அப்ப அவரு எழுதின அளவு?"

"அது எதுக்கு இனி? பள்ளம் அவ்வளவு ஆழமெல்லாம் இல்ல டீச்சர். சாரு தப்பா அளந்துட்டாரு."

டேப்பு நின்றது.

சாலோமி ஜெபிக்கப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. பீடத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு அதையும் விட்டு, விளிம்புக்குப் போய், கீழே தண்ணீரைப் பார்த்துப் பேசினாள். வீட்டில் அடுக்களையிலிருந்து பிள்ளை பேரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிற அதே குரலில்.

"எபி அப்பா. நீங்க அங்க இருக்க வேண்டாம். அண்ணாச்சி ஆழம் இல்லங்காரு. எவ்வளவுன்னு அவருக்கே காட்டிருங்க."

டேப்பு ஓடியது. வேகமாக. பாறைச் சுவரில் மேலே. மேலே. அவள் காலடிக்கருகில் உரசிக் கடந்தது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

காசிலிங்கம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

காய்ந்த பாறை. அனல் பறக்கிற வெயில். அவருடைய வேட்டி விளிம்பு மட்டும் நனைந்திருந்தது. ஈரம் ஏறியது. முழங்கால். இடுப்பு. கீழே ஒரு சொட்டு விழவில்லை. வேட்டியின் நுனி காலை விட்டு விலகி, மெதுவாக அலையத் தொடங்கியது. மார்பு. கழுத்து. "டீச்சர்" என்றார். அடுத்த வார்த்தை குமிழியாக வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் சுடலைவடிவு ஓடுகிற சத்தம் கேட்டது. சாலோமி ஓடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அவர் விழவில்லை. பள்ளத்துத் தண்ணீரின் அடியில் நிற்பவரைப் போல நின்றார். நரைத்த தலைமுடி பிரிந்து மேல்நோக்கி எழுந்து நின்றது. தோள் துண்டு கழன்று, தலைக்கு மேலே, வெறும் காற்றில், விரிந்து மிதந்தது. திறந்த கண்கள் பச்சையாக இருந்தன. கைகள் இரண்டும் தாமாகவே மெல்ல உயர்ந்தன.

அவருக்கும் மேலே, வெகு உயரத்தில், டேப்பு இன்னும் போய்க்கொண்டிருந்தது.